தனம்மாளின் வீணை: நல்ல பிரதியைக் கண்டுபிடிப்பது எப்படி

வீணை தனம்மாள் என்று தட்டித் தேடினால் அடையாறில் உட்கார்ந்த இடத்திலேயே ஒரே வாசிப்புக்குப் பல பிரதிகள் கிடைத்துவிடும். ஒன்றில் மழை பெய்வதுபோல் இரைச்சல். இன்னொன்றில் இரைச்சலே இல்லை. வீணை மட்டும் பளிச்சென்று கேட்கும். மூன்றாவது சற்றே வேகமாக, சுருதி ஏறி ஒலிக்கும். நான்காவதில் குகைக்குள் வாசித்ததுபோல எதிரொலி சேர்த்திருப்பார்கள். புதிதாகக் கேட்க வருபவர் அநேகமாக இரண்டாவதைத்தான் எடுப்பார். அந்தத் தேர்வு ஏன் தவறு, நாதஸ்வரத்திலோ வாய்ப்பாட்டிலோ அவ்வளவாக உறைக்காத இந்தத் தவறு வீணையில் மட்டும் ஏன் இசையையே தின்றுவிடுகிறது என்பதை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் வேலை. வீணைப் பதிவின் தரத்தை இரைச்சலின் அளவைக் கொண்டு எடை போடக் கூடாது. மூலத் தட்டிலிருந்து நம் காதுவரை அது எத்தனை கை மாறி வந்திருக்கிறது, ஒவ்வொரு கையும் அதை என்ன செய்தது என்பதுதான் அளவுகோல்.

தனம்மாள் 1867-ல் பிறந்தவர், 1938-ல் மறைந்தார். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்புக்கு ஊரின் பெரிய வித்வான்களே வந்து வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இசை உலகம் அறிந்த செய்தி. பேசாமல் உட்கார வேண்டிய தேவையும் இருந்தது. அவர் விரலில் மிஸ்ராப் மாட்டாமல் நகத்தால் மீட்டியவர். ஒலி மிக மெல்லியது, ஓர் அறைக்குப் போதுமான ஒலி. இப்படிப்பட்ட வாசிப்பு தட்டில் ஏறியதே காலத்தின் தயவு. 1925-க்கு முன்னால் ஒலிப்பதிவு என்றால் பெரிய கூம்பு ஒன்றின் வாய்க்கு நேரே உரக்கப் பாடுவதுதான். நாதஸ்வரமும் கணீரென்ற குரலும் அதற்கு ஈடுகொடுத்தன, வீணையால் முடியவில்லை. மைக்ரோபோன் வந்த பிறகே மெல்லிய வாத்தியங்களுக்கு வழி பிறந்தது. கொலம்பியா கம்பெனி தனம்மாளைப் பதிவு செய்தது 1932-ல். அவருக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம் ஓடும் அரக்குத் தட்டுகள் அவை. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூனில்தான் திறந்தது, அதே ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார். ஆகவே வானொலி நாடாவில் ஏதாவது அகப்படும் என்று தேடுவது வீண். நமக்கு இருப்பது தட்டு மட்டுமே. அந்தத் தட்டிலிருந்து எடுத்ததுதான் எல்லாப் பிரதியும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பிரதிகளை மதிப்பிடுவது எளிது. 78 சுற்றுத் தட்டு வெறும் அரக்கால் ஆனதல்ல; அதில் கல்தூள் கலந்திருக்கும். எஃகு ஊசி தட்டின் பள்ளத்துக்கேற்பத் தேய்ந்து பொருந்த வேண்டும் என்பதற்காகவே அந்தச் சொரசொரப்பு. எனவே புத்தம் புதிய தட்டிலும் ஒரு சீரான ‘ஸ்ஸ்’ ஒலி உண்டு, அது தட்டின் சுபாவம். இதற்கு மேல் பழைய ஊசிகள் உழுது போட்ட தேய்மானம், கீறல், தூசி, நம் ஊர் ஈரத்தில் படரும் பூஞ்சை எல்லாம் சேர்கின்றன. சீரான இரைச்சலுக்குக் கீழே வீணை முழுசாக இருக்கும். தேய்மானத்தின் கரகரப்பு வீணையின் ஒலியோடேயே ஏறி இறங்கும், பலமான மீட்டில் ஒலி கிழியும். முதல் வகையைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகை என்றால் வேறு தட்டைத் தேடுவதுதான் வழி, எந்த மென்பொருளும் அதை மீட்டுத் தராது. இரைச்சலுக்கு அஞ்ச வேண்டாம் என்று சொல்வதால் எல்லா இரைச்சலும் நல்லது என்று ஆகிவிடாது.

இனி, இரைச்சலை நீக்கும்போது என்ன போகிறது என்று பார்க்கலாம். குரலோ வயலினோ ஒரு ஸ்வரத்தை வேண்டிய நேரம் ஒரே பலத்தில் நிறுத்த முடியும். வீணையில் மீட்டிய கணத்தில்தான் பலம், அதன்பின் ஒலி தேய்ந்துகொண்டே போகும். ஆனால் கமகம் பேசுவது அந்தத் தேய்வில்தான். ஒரே மீட்டில் தந்தியை இழுத்து மூன்று நான்கு ஸ்வரங்களைக் கொண்டுவரும்போது கடைசி ஸ்வரம் ஏறக்குறைய தட்டின் இரைச்சலின் அளவுக்கே இறங்கிவிட்டிருக்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஓர் அளவை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டுகிறது. எது கல்தூள், எது காந்தாரத்தின் வால் என்று அதற்குத் தெரியாது. ‘டப்’ என்ற கீறல் சத்தத்தை நீக்கும் இன்னொரு வகை மென்பொருள் திடீரென்று எழும் கூர்மையான ஒலியைத் தேடிப் போய் மழுக்குகிறது. நகம் தந்தியில் படும் கணமும் அப்படிப்பட்ட கூர்மையான ஒலியே. ஆக ஒரு மென்பொருள் வாலை அறுக்கிறது, மற்றது தலையை மழுக்குகிறது. நடுவில் மிஞ்சுவது சுத்தமாக இருக்கும், ஆனால் அது யாருடைய வீணையாகவும் இருக்கலாம். தனம்மாளின் கையை அடையாளம் காட்டியவை அறுபட்டுப் போன அந்த இரண்டும்தான்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வீணையில் வாசிக்கும் தந்திகள் நான்கு. பக்கவாட்டில் தாளத்துக்காக மீட்டும் தந்திகள் மூன்று. தாளத் தந்திகளின் ஒலி மெலிதாக, உயர்ந்த சுருதியில் இருக்கும்; இரைச்சலோடு முதலில் பலியாவதும் அதுவே. ஒரு பிரதியில் தாளத் தந்தி ஓரிடத்தில் கேட்டு அடுத்த இடத்தில் மறைந்தால், அல்லது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் குழைந்து ஒலித்தால், அதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அடுத்ததாக, வாசிப்பு ஒரு நொடி நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அந்த இடைவெளியில் இரைச்சல் சட்டென்று அடங்கி, அடுத்த மீட்டில் மறுபடி எழுந்தால் அதுவும் வெட்டியதன் தடயமே. தொடர்ச்சியாக, ஒரே அளவில் ஓடும் இரைச்சல்தான் நேர்மையான பிரதியின் அடையாளம். நீண்ட இழுப்பு ஒன்றைத் தேர்ந்து, கடைசி ஸ்வரம்வரை காதால் தொடர முடிகிறதா என்று பார்ப்பது மூன்றாவது சோதனை. இரைச்சல் உள்ள பிரதியில் முதலில் சிரமமாக இருக்கும். ஆனால் மனிதக் காது தொடர்ச்சியான இரைச்சலைச் சீக்கிரம் ஒதுக்கப் பழகிவிடும். மின்விசிறியின் சத்தத்துக்கு நடுவே எதிரில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்கவில்லையா? இல்லாமல் போன ஸ்வரத்தை மட்டும் எந்தக் காதாலும் பழகிப் பெற முடியாது.

வேகம் இன்னொரு வம்பு. இதைப் பற்றிக் கேட்பவர்கள் யோசிப்பதே குறைவு. 78 சுற்று என்று பொதுவாகச் சொன்னாலும் அந்தக் காலத்து இயந்திரங்கள் எல்லாம் சரியாக 78-ல் ஓடவில்லை. சில கம்பெனிகளின் பழைய தட்டுகளில் 80 என்றே அச்சிட்டிருக்கும். 78-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஸ்வரஸ்தானத்தில் ஏறக்குறைய பாதி. வேகம் 6 சதவீதம் கூடினால் 4 கட்டை சுருதி 4½ கட்டை ஆகிவிடும். வேகம் மாறினால் சுருதியோடு காலப்பிரமாணமும் மாறும், கமகத்தின் அசைவும் மாறும். விளம்பமாக, யோசித்து வாசிக்கும் ஒருவர் பரபரப்பானவராகத் தோன்றுவார். தனம்மாளின் பெருமையே நிதானம் என்கிறபோது இது சின்ன விஷயமல்ல. சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரே உருப்படி தட்டின் இரண்டு பக்கங்களிலும் தொடர்ந்திருந்தால், முதல் பக்கத்தின் முடிவில் உள்ள சட்ஜமும் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் உள்ள சட்ஜமும் சேர வேண்டும். கைபேசியின் தம்பூராச் செயலியை வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். அதேபோல் ஒரே பக்கத்தின் இரு பிரதிகள் இரண்டு சுருதியில் இருந்தால், இரண்டில் ஒன்றாவது தவறு என்பது உறுதி. எது சரி என்பதை இசையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அங்கே அவருடைய பேத்திகளான பிருந்தா, முக்தாவின் பாட்டைக் கேட்டுப் பழகிய காது உதவும். அதே பாடாந்தரத்தின் நடை எப்படிப்பட்டது என்று அது சொல்லிவிடும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பெரிய கம்பெனிகள் தேர்ந்த ஒலிப் பொறியாளர்களை வைத்துச் சுத்தம் செய்து வெளியிட்டவை உண்டே, அவையும் மோசமா? இல்லை. கம்பெனியிடம் தட்டை அச்சடித்த உலோக மூலம் இருந்து, அதிலிருந்தே எடுத்திருந்தால் அந்தப் பிரதியை எந்தச் சேகரிப்பாளரின் தட்டும் நெருங்க முடியாது. ஆனால் கேசட் காலத்தில் வந்த மறுவெளியீடுகள் எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று உறையில் பொதுவாக எழுதியிருக்காது. கம்பெனி பெயர் பெரியது என்பதாலேயே மூலம் நல்லது என்று ஆகாது. மேலே சொன்ன மூன்று சோதனைகளும் அவற்றுக்கும் பொருந்தும். இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. ஹவானாவின் பானார்ட் கம்பெனி 1944-ல் தொடங்கி, புரட்சிக்குப் பின் 1961-ல் அரசுடைமையானது. அதன் சொத்து எக்ரெம் என்ற அரசு நிறுவனத்துக்குப் போனது. அங்கே பதிவான ஜாஸ் பியானோவைத் தேடுகிறவரும் ‘இந்த மறுபதிப்பு மூல நாடாவிலிருந்து வந்ததா, விற்ற தட்டிலிருந்து வந்ததா’ என்ற கேள்வியோடுதான் தொடங்க வேண்டும். ஆனால் பியானோ பலமான வாத்தியம். நான்கு கை மாறினாலும் அதன் எலும்பு நிற்கும். வீணைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அடையாறிலிருந்து தேடக் கிளம்புகிறவருக்கு முதல் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுதும் சேர்த்ததை அடித்தளமாகக் கொண்டு 1994-ல் உருவானது. அங்கே இசைத்தட்டுகளும் உண்டு. அதைவிடப் பயன் தருவது, கிராமபோன் காலத்துப் பாட்டுப் புத்தகங்களும் விளம்பரங்களும். எந்தக் கலைஞர் எந்தக் கம்பெனிக்கு எந்த உருப்படியைக் கொடுத்தார் என்பதை இவற்றைக் கொண்டு உறுதிசெய்துகொண்டு பிறகு ஒலியைத் தேடுவது புத்திசாலித்தனம். பெயர் மாற்றி ஒட்டிய பதிவுகள் நிறையவே உலவுகின்றன. தட்டு கைக்கு வந்தால் லேபிளில் இருக்கும் விற்பனை எண்ணோடு நில்லாமல், லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பதிந்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனை எண் மறுபதிப்பில் மாறும். உள்வளைய எண் பதிவுக்கே உரியது. இரு பிரதிகள் ஒரே வாசிப்புதானா என்ற சந்தேகத்தை அது ஒன்றே தீர்க்கும்.

மியூசிக் அகாடமியின் கேட்பகம் வேறு விதமானது. டி.டி.கே. சாலையில் அகாடமி வளாகத்திலேயே, திரையில் தேடித் தேர்ந்து அங்கேயே உட்கார்ந்து கேட்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துவர முடியாது. அதில் பெரும்பகுதி கச்சேரிப் பதிவுகள். எடுத்துவர முடியாதென்பதால் பயனில்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நல்ல பிரதி எப்படி ஒலிக்கும் என்று காதுக்கு ஓர் அளவு ஏற்பட்டால்தான் மோசமான பிரதியை அடையாளம் காண முடியும். எந்த வீணைக் கலைஞரின் பதிவானாலும் அரை நாள் அங்கே கேட்டுவிட்டு வந்து இணையத்தில் தேடினால், முன்பு ‘சுத்தமாக’ இருந்தவை எப்படித் தட்டையாகிப் போயின என்று தெரியும். மும்பையில் இயங்கும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கத்தின் முயற்சியால் ஓடியன், யங் இந்தியா தட்டுகள் எண்மயமாகி பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போயின. தென்னிந்தியக் கலைஞர்கள் பலர் ஓடியன் தட்டுகளில் இருக்கிறார்கள். தனம்மாள் கொலம்பியா என்பதால் அங்கே தேட வேண்டாம். ஆனால் தட்டிலிருந்து கைவைக்காமல் எடுத்த பிரதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. 2023 அக்டோபரில் அந்த நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளான பிறகு சேவைகள் பல முடங்கின. ஒரே இடத்தை நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

தட்டையே விலைக்கு வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் அதை வாசிக்க வழி இருக்க வேண்டும். புதிதாகக் கடைகளில் வரும் பெட்டி வடிவ ரெக்கார்டு பிளேயர்களில் பெரும்பாலும் எல்.பி.க்கான ஊசிதான் இருக்கும். 78 தட்டின் பள்ளம் அகலமானது. சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து அங்குள்ள குப்பையை வாசிக்கும். சுவரில் பதிந்திருக்கும் இசையை அது சரியாகத் தொடாது. அதற்கென்று சுமார் மூன்று மடங்கு பருமனான ஊசி தேவை. அடுத்து, எல்.பி.க்காக 1954 வாக்கில் பொதுவாக்கப்பட்ட ஒலிச் சமன்பாடு இன்றைய பிளேயர்களில் தானாகவே சேரும். அது 1932-ன் தட்டுக்குப் பொருந்தாது, உச்ச ஒலிகளை அமுக்கிவிடும். இணையத்தில் உள்ள மந்தமான பிரதிகள் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். தட்டைக் கழுவும்போது ஸ்பிரிட் ஆகவே ஆகாது, அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் போதும். கடலோரக் காற்றில் பூஞ்சை சீக்கிரம் படியும் என்பதால் பெசன்ட் நகர், அடையாறு வீடுகளில் தட்டுகளைக் காற்றோட்டமான அலமாரியில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

இவ்வளவு சிரமம் யாருக்கு முடியும் என்பது அடுத்த ஆட்சேபம். பெரும்பாலோருக்கு முடியாது, முடியவும் வேண்டியதில்லை. தட்டு வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டுப் பிரதி பெறுவதுதான் நடைமுறை வழி. கேட்கும் விதம்தான் முக்கியம். ‘நல்லா கிளீன் பண்ணிக் குடுங்க’ என்று கேட்டால் அவரும் நல்லெண்ணத்தோடு அதைக் கெடுத்துத் தருவார். என்ன ஊசி, என்ன வேகம் என்று ஒரு வரி குறிப்போடு, கைவைக்காத பிரதியை எம்.பி.3 ஆக்காமல் டபிள்யூ.ஏ.வி. கோப்பாகத் தரச் சொல்லுங்கள். சட்டச் சிக்கல் பற்றித் தயங்குவோருக்கு: இந்தியாவில் வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1930-களின் தட்டுகள் அந்தக் காலத்தை எப்போதோ கடந்துவிட்டன. பிற்காலக் கச்சேரி நாடாக்களுக்கும் வானொலிப் பதிவுகளுக்கும் இதே கணக்கைப் போடக் கூடாது.

நாடா என்று வரும்போது நம் பகுதியின் பெயரையே சொல்ல வேண்டியிருக்கிறது. காரைக்குடி சகோதரர்களில் இளையவரான சாம்பசிவ ஐயர், அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்தில் அன்று இயங்கிய கலாக்ஷேத்ராவில் வீணை கற்பித்தவர். 1958-ல் மறைந்தார். அதனால் வானொலியும் நாடாவும் அவரை எட்டிவிட்டன. அவருடைய பதிவுகளில் கல்தூள் இரைச்சல் கிடையாது, நோய் வேறு. வானொலியில் ஒலித்ததை வீட்டில் ஸ்பூலில் பிடித்து, அதைக் கேசட்டில் எடுத்து, கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டில் எடுத்து, கடைசியில் யாரோ கணினியில் ஏற்றிய பதிவென்றால் ஒவ்வொரு படியிலும் இரைச்சல் ஏறி உச்ச ஒலி இறங்கியிருக்கும். வேகமும் படிக்குப் படி நழுவும். தட்டில் ஆராய வேண்டியது ஊசியும் வேகமும். நாடாவில் எத்தனையாவது தலைமுறைப் பிரதி என்பதே முதல் கேள்வி. ஸ்பூலிலிருந்து நேராக எடுத்த, இடையில் கரகரக்கும் பிரதி, நான்காம் தலைமுறைக் கேசட்டின் வழவழப்பான பிரதியைவிட மேலானது. பிந்தையதில் தாளத் தந்திகள் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். ஸ்பூல் உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடந்தால் பழைய இயந்திரத்தில் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். இளகி ஒட்டிக்கொள்ளும் நாடா ஒரே ஓட்டத்தில் பூச்சு உதிர்ந்துவிடலாம். ஒலித்தலையின் சாய்கோணத்தை அந்த நாடாவுக்கேற்பத் திருத்தி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்த ஒரு திருகாணி, எந்த மென்பொருளாலும் செயற்கையாகச் சேர்க்க முடியாத உச்ச ஒலியைத் திருப்பித் தரும்.

பிரதி கிடைத்த பிறகு அதை அப்படியே ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குத் தொந்தரவாக இருக்கிறதென்றால் இன்னொரு நகலில் வேண்டியபடி சுத்தம் செய்துகொள்ளலாம், அதில் பாவமில்லை. வெளியூர்ப் பயணத்தில், ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே கேட்க அதுவே வசதி. ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது கைவைக்காததைக் கொடுங்கள், கோப்பின் பெயரிலேயே உள்வளைய எண்ணையும் எடுத்த வேகத்தையும் சேர்த்துவிடுங்கள். முதல் தடவை இயர்போனில் கேட்காமல் சின்ன ஸ்பீக்கரில், ஒலியைத் தாழ்வாக வைத்து, இரவு பத்து மணிக்கு மேல் சர்தார் படேல் சாலையின் வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு கேட்பது நல்லது. இயர்போன் இரைச்சலைத் தலைக்குள் கொண்டுவந்து விடும். ஸ்பீக்கரில் இரைச்சல் அறையின் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்க, வீணை வேறிடத்திலிருந்து வரும்.